மருந்து கொண்டுபோக டிரோன் வாங்கலாமா, அக்கா?

கோயில் இளைஞர் பகுதியின் சார்பில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்னும் லய வீடுகளில் இருக்கும் வயதானவர்களுக்கும், மலைப்பக்கம் இருக்கும் ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்களுக்கும் மழைக்காலத்தில் மருந்து போய்ச் சேர்வதில்லை. செம்பனைக்கு மருந்தடிக்கும் டிரோனை நம் பையன்கள் மூன்று பேர் நன்றாக ஓட்டுகிறார்கள். திருவிழாக் கணக்கின் மிச்சமும் நன்கொடையுமாக 40,000 வெள்ளி கையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் டிரோனில் ரத்தமே போகிறதாம், நாமும் ஒன்று வாங்கி ஆரம்பித்தால் என்ன? அரசாங்க மருந்தகங்களில் முப்பது வருடம் இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பணத்துக்கு டிரோன் வாங்காதீர்கள். ஆனால் எண்ணத்தைக் கைவிடவும் வேண்டாம். ஏன் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான பேச்சு.

ஆப்பிரிக்கக் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பலரும் பாதிதான் சொல்கிறார்கள். ருவாண்டாவில் 2016 அக்டோபரில் ஸிப்லைன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்நாட்டு அரசாங்கத்தோடு சேர்ந்து, முஹாங்கா என்ற ஊரில் ரத்தக் கிடங்கையும் ஏவுதளத்தையும் ஒரே இடத்தில் அமைத்தது. அங்கே பறப்பது நம் பையன்கள் ஓட்டுகிற விசிறி வகை இல்லை. இறக்கை வைத்த சிறு விமானம். கவண் மாதிரி ஒரு தண்டவாளத்திலிருந்து அதை எறிகிறார்கள். மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம், ஒன்றே முக்கால் கிலோ சுமை, போகவரச் சேர்த்து 160 கிலோமீட்டர் தூரம். மருத்துவமனை முற்றத்துக்கு மேலே வந்து காகிதப் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டு, தரையைத் தொடாமலே திரும்பிவிடும். வீடு வந்ததும் வாலில் உள்ள கொக்கி ஒரு கம்பியில் மாட்டிக்கொள்ள, அப்படியே பிடித்து இறக்குகிறார்கள்.

அங்கே 2017 மார்ச்சிலிருந்து 2019 கடைசி வரை டிரோனில் போன 12,733 ரத்தக் கோரிக்கைகளை ஆராய்ந்து, 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாக 50 நிமிடத்துக்குள் ரத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாலை வழியைவிட 79 நிமிடம் மிச்சம். எல்லாரும் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான். மருந்தகத்தில் இருந்தவளின் கண்ணுக்கு அதே கட்டுரையில் வேறு இரண்டு எண்கள் பெரிதாகத் தெரிந்தன. காலாவதியாகி வீணாகும் ரத்தம் ஒரு வருடத்தில் 67 விழுக்காடு குறைந்தது. மிச்சமான நேரமோ எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை: தூரத்தையும் சாலையின் தரத்தையும் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 211 நிமிடம் வரை வித்தியாசப்பட்டது.

முதல் எண்ணைப் பாருங்கள். சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரி குளிரில் ஐந்தாறு வாரம் வைக்கலாம். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களுக்கு 5 நாள்தான் ஆயுள், அதுவும் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சின்ன மருத்துவமனையும் எப்போதாவது தேவைப்படும் அபூர்வ வகை ரத்தத்தை எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தால், அது பிரிட்ஜில் கிடந்தே காலாவதியாகும். ஒரே பெரிய கிடங்கில் வைத்துக் கேட்டவுடன் அனுப்ப முடிந்தால் யாரும் பதுக்கி வைக்கத் தேவையில்லை. ருவாண்டாவில் வென்றது விமானம் மட்டும் இல்லை, கிடங்கும் கணக்கும் சேர்ந்துதான். அந்தக் கிடங்கை விட்டுவிட்டு விமானத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால் என்ன பயன்?

இரண்டாவது எண் நம் ஊருக்கு நேராகப் பேசுகிறது. சுங்கை சிப்புட் மருத்துவமனையிலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு நல்ல சாலை இருக்கிறது. ஆம்புலன்சும் ஓடுகிறது, வேனும் ஓடுகிறது. இந்தத் தடத்தில் டிரோன் விட்டால் நமக்குக் கிடைப்பது அந்த 3 நிமிட ரகம்தான். அப்படியென்றால் 211 நிமிட ரகம் எங்கே? நீங்களே சொன்ன மலைப்பக்கம்தான். கோல மு போன்ற, ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவான தெமியார் மக்களின் கிராமங்களுக்கு ஃபோர் வீல் வண்டி போகும் மண் சாலை. மழை பிடித்தால் அந்தச் சாலை சேறு, ஆறு பெருகினால் அதுவும் இல்லை. டிரோனுக்கு நியாயமான இடம் அங்கேதான். ஆனால் ரத்தப் பையை அங்கே அனுப்பி யார் ஏற்றுவது? ரத்தம் ஏற்ற வகை பார்க்க வேண்டும், பொருத்தம் பார்க்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆள் வேண்டும். ருவாண்டாவில் ரத்தம் இறங்கியது மருத்துவமனை முற்றங்களில். அத்தாப்புக் கூரைக்கு முன்னால் இல்லை.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்து டிரெசர், அதாவது தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளர். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில், ஒரு ஸ்டெரிலைசர், ஒரு அலமாரி மருந்து. 1970களில் ஒரு மழைக்காலத்தில் ஆற்றுப் பாலம் போய்விட்டது. அன்றிரவு பால்மரம் வெட்டும் ஒரு அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது, பிறகு உதிரம் நிற்கவில்லை. பட்டணத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்பா என் அண்ணனைத் துரை பங்களாவுக்கு ஓடச் சொன்னார். உதிரத்தை நிறுத்தும் எர்கோமெட்ரின் ஊசி மருந்து குளிரில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். தோட்டத்தில் இரவிலும் நிற்காமல் ஓடும் பிரிட்ஜ் துரை வீட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே பழப்பாகு புட்டிகளுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் மூன்று ஆம்பூல் வைத்திருந்தார் அப்பா. மழைக்காலம் தொடங்கும் முன்பே துரையிடம் கேட்டு வைத்தது. அந்த அக்கா பிழைத்தார். அவருடைய பேரன் இன்று ஈப்போவில் வேலை பார்க்கிறான்.

வானத்தில் எதுவும் பறக்காத காலத்தில் அந்த உயிர் தங்கியதற்கு மூன்று காரணங்கள். மருந்து ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதற்குக் குளிர் இருந்தது. அதைப் போடத் தெரிந்த கை இருந்தது. பிரசவ உதிரப்போக்குக்கு இன்று டிரானெக்ஸாமிக் அமிலம் என்றொரு மருந்து இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்று 2017இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதற்குக் குளிரும் தேவையில்லை. அந்த மருந்து இருக்க வேண்டிய இடம் உள்ளூர்த் தாதியின் பைதான். உதிரம் கொட்டும்போது போன் போட்டு, டிரோன் கிளப்பி, அது வந்து சேரும் வரை காத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு முன்கூட்டியே மருந்து வைப்பதுதான் சரி. டிரோன் முன்கூட்டித் தெரியாத தேவைக்கு.

பாம்புக்கடியையும் இதோடு பேசிவிடலாம், ஏனென்றால் டிரோன் என்றதும் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். செம்பனைக் காட்டில் நாகம் உண்டு. வடக்கே வரவர மலாயா குழிவிரியனும் உண்டு, உதிர்ந்த மட்டைக்கு அடியில் அசையாமல் கிடக்கும். நம் நாட்டில் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி பாங்காக்கில், தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிலையத்தில் தயாராவது. உறைய வைத்து உலர்த்திய பொடி, போடும்போது கரைத்துக்கொள்வார்கள். எடை குறைவு, டிரோனுக்கு இதைவிட ஏற்ற சரக்கு இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்து மூச்சடைக்கும். அட்ரினலின் கையில், நரம்பில் ஊசி, பக்கத்தில் ஆக்சிஜன், கண்காணிக்க மருத்துவர் என்று எல்லாம் இருந்தால்தான் போட வேண்டும். எந்தப் பாம்பு என்று தெரியாமல் போட்டால் பயனும் இல்லை. ஆகவே லயத்துக்கு மருந்து அனுப்புவது வேண்டாத வேலை. கடிபட்டவரை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. பாம்பைப் படம் எடுத்து அனுப்பினால் எந்த மருந்து என்று மருத்துவர்களுக்கு வழிகாட்ட நம் நாட்டில் நிபுணர் குழு இருக்கிறது. ஒரு சிறு மருத்துவமனையில் சரியான முறிவு மருந்து தீர்ந்துபோய், பாலம் உடைந்து, பெரிய மருத்துவமனையிலிருந்து வர வழியில்லை என்றால் அப்போது டிரோன் பேசலாம். அதுவும் மருத்துவமனைக்கு மருத்துவமனை.

பிறகு எதற்குத்தான் டிரோன் என்று கேட்பீர்கள். என் பதில் பலருக்குத் தலைகீழாகத் தெரியும். மலைக்குப் போகும் மருந்தைவிட, மலையிலிருந்து கீழே வரும் ரத்த மாதிரிக்குத்தான் டிரோன் பொருந்தும்.

நோலெசி மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் ஒருவருக்கும் வரவில்லை என்பது பெரிய சாதனை. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை காட்டோரத்தில் இருக்கிறது. சரவாக் காப்பிட்டில் பேராசிரியர் பால்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வுதான் அது மனிதருக்கு இவ்வளவு பரவலாக வருகிறது என்று உலகத்துக்குக் காட்டியது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இன்று காய்ச்சல், நாளைக்கு இன்னும் அதிகம், நாளன்றைக்குச் சிறுநீரகம் பாதிக்கும். நுண்ணோக்கியில் அது மலேரியே என்ற சாதாரண வகை மாதிரியே தெரியும், உறுதிப்படுத்த ஆய்வகம் வேண்டும். காட்டு ஓரத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளிக்கோ தெமியார் பையனுக்கோ காய்ச்சல் வந்தால், ஒரு சொட்டு ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டும் ஒரு சிறு குழாயும் அன்றே கீழே வந்தால் போதும், சிகிச்சை அன்றே தொடங்கிவிடும். அந்தச் சரக்கின் எடை ஒரு வாழைப்பழத்தைவிடக் குறைவு.

காசநோய்ச் சளி, டெங்கி, எலிக்காய்ச்சல் எல்லாம் இதே வகைதான். நோயாளி ஒன்றரை மணி நேரம் குலுங்கிக் குலுங்கி மோட்டாரில் வருவதற்குப் பதிலாகக் குழாய் வரட்டும். முடிவைப் போனில் சொல்லிவிடலாம், அதற்கு ஒரு எடையும் இல்லை. மலாவியில் 2016இல் இந்த வழியைத்தான் முதலில் சோதித்தார்கள்: எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க, கைக்குழந்தைகளின் காய்ந்த ரத்தப் பொட்டுகளை ஆய்வகத்துக்குப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள்.

இதிலும் நுணுக்கம் உண்டு. ரத்தக் குழாயைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் அதிலுள்ள சர்க்கரையை அணுக்களே தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். அதிகம் குலுங்கினால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் அரிசோனாப் பாலைவனத்தில் மூன்று மணி நேரம், சுமார் 258 கிலோமீட்டர் ரத்தக் குழாய்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான சோதனைகள் மாறவில்லை. சர்க்கரையிலும் பொட்டாசியத்திலும்தான் வித்தியாசம் வந்தது, அதற்குக் காரணம் வெப்பத்தைச் சரியாகக் காக்காதது. பறப்பது பிரச்சினை இல்லை, பெட்டிதான் பிரச்சினை. நம் வெயிலில் செம்மண் திடலில் பத்து நிமிடம் பெட்டி காத்திருந்தாலே போதும், கணக்கு கெட்டுவிடும். அதோடு, மனித ரத்த மாதிரியை மூன்று அடுக்காகக் கட்ட வேண்டும் என்பது உலக விதி: கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாவது உறை, வெளியே உறுதியான பெட்டி. கீழே விழுந்தாலும் ஒரு பிள்ளை எடுத்துத் திறக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

குளிர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று சொல்லாமல் சொல்கிறேன். ஒரு சிறு கிளினிக்கில் பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி இன்சுலினை அடுக்கி வைத்திருந்தார்கள். அது உறைந்து, பிறகு உருகியிருந்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று ஒரு பாட்டியை ஒரு மாதமாக உணவுக்காகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் போய் வெப்பமானியை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இன்சுலின் உறைந்தால் வீசிவிட வேண்டும், மறுபேச்சில்லை. அந்தப் பாட்டியின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரிட்ஜை ஒழுங்காக வைக்க முடியாத இடத்துக்கு மருந்தை எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் கெட்டுப்போன மருந்துதான் வேகமாகப் போகும்.

குளிர் ஒழுங்காக நடந்த இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வனுவாட்டு தீவு நாட்டில் 2018 டிசம்பரில் எரோமாங்கோ தீவின் குக்ஸ் பே என்ற கிராமத்துக்கு, யூனிசெஃப் உதவியோடு, தடுப்பூசி மருந்து டிரோனில் போனது. மலையைத் தாண்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பெட்டிக்குள் ஐஸ் கட்டியும், வெப்பம் எல்லை தாண்டினால் காட்டிக்கொடுக்கும் கருவியும் இருந்தன. முக்கியமாக, பெட்டியை எடுக்க ஒரு பதிவுபெற்ற தாதி அங்கே நின்றிருந்தார். 13 பிள்ளைகளுக்கும் 5 கர்ப்பிணிகளுக்கும் அன்றே ஊசி போட்டார். அந்தத் தாதி இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

இனி உங்கள் பையன்களின் டிரோன். அதை மருந்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தெளித்த இயந்திரத்தில், எவ்வளவு கழுவினாலும், மனிதர் உடம்புக்குப் போகும் பொருளைக் கட்டக் கூடாது. இது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வகை தொட்டியை நிறைத்துக்கொண்டு பறந்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. விசிறியால் மட்டுமே தூக்கி நிற்கும் இயந்திரம் தன் மின்சாரத்தை எல்லாம் விழாமல் இருப்பதற்கே செலவழிக்கிறது. இறக்கை உள்ளது காற்றில் சாய்ந்து போவதால் அதே பேட்டரியில் பல மடங்கு தூரம் போகும். இரண்டையும் சேர்த்து, நேராக எழும்பி இறங்கவும் இறக்கையில் பறக்கவும் கூடிய கலப்பு வகையும் இருக்கிறது. ஓடுபாதை இல்லாத மலைக் கிராமத்துக்கு அதுதான் பொருந்தும். மேலிருந்து மாதிரி எடுத்துவர வேண்டுமென்றால் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பும் வகை உதவாது, இறங்கி ஏற வேண்டும். நீங்கள் சேர்த்திருக்கும் தொகை நல்ல கலப்பு வகைக்கும் மாற்றுப் பேட்டரிகளுக்கும் பராமரிப்புக்கும் போதாது என்பது என் கணிப்பு. ஒன்றே ஒன்றை வாங்கி அது விழுந்தால் சேவையும் அன்றோடு நின்றுவிடும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். நம் பக்கம் காலையில் வெயில், மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை என்பது எல்லாருக்கும் தெரியும். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் காற்று எந்தப் பள்ளத்தாக்கில் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. மலை குறுக்கே வந்தால் ரேடியோ தொடர்பு அறுந்துவிடும், போன் சிக்னலும் உள்ளே போகப் போக இல்லை. காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் பறப்பது என்று வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மாதிரி எடுப்பதும் காலையில்தான், ஆய்வகம் முடிவு சொல்வதும் அன்று மாலைக்குள். மழைக்கால இரவு அவசரத்துக்கு டிரோனை நம்பி ஒருவரும் காத்திருக்கக் கூடாது. அதை ஊரில் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிகள்படி, தனி அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேலே போகக் கூடாது, விமான நிலைய வட்டாரத்துக்குள் நுழையக் கூடாது, 20 கிலோவுக்கு மேற்பட்டதைப் பறக்கவிடக் கூடாது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புவது தனி அனுமதி. மலைக்கு மருந்து என்றாலே கண்ணுக்கு எட்டாத தூரம்தான், ஆகவே அனுமதி இல்லாமல் ஒரு நாள் சோதனைகூட வேண்டாம். மருந்துப் பக்கம் பார்த்தால் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டமும் அபாயகர மருந்துச் சட்டமும் இருக்கின்றன. மருந்தை யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற கையெழுத்து இல்லாமல் கோயில் இளைஞர் பகுதி மருந்து அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. மாவட்ட சுகாதார அலுவலகம் முன்னால் நிற்க வேண்டும், நீங்கள் துணையாக நிற்கலாம்.

விதிகளைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2017 முதல் மருத்துவமனைகளுக்கிடையே ஆய்வகப் பொருள்கள் டிரோனில் போய்க்கொண்டிருந்தன, ஒழுங்குக்குப் பெயர்போன நாடு. 2019 மே மாதம் ஜூரிக்கில் ஒன்று கோளாறாகி, அவசரப் பாராசூட்டின் கயிறும் அறுந்து, பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே விழுந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் சேவையை நிறுத்தினார்கள். நம் ஊரில் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு மேலே தடம் போட யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆற்றையும் செம்பனை வரிசையையும் ஒட்டித்தான் தடம் போக வேண்டும்.

இன்னொன்று, இது மனசில் இருப்பது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, நம் ஆட்கள் பெரும்பாலும் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம். லயங்களில் மிஞ்சியிருக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்குப் பெரும்பாலும் வேண்டியது ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும். அதற்கு டிரோன் எதற்கு? அரசாங்க மருந்தகத்தில் தொடர் மருந்தைப் பக்கத்துக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு, தபாலில் வாங்கும் ஏற்பாடும் உண்டு. விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாததாலும் மலாய்க் கடிதம் புரியாததாலும் பலர் கேட்பதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய் எத்தனை பேருக்கு இது வேண்டும் என்று எழுதி, மோட்டாரில் ஒரு பையன் வாரம் ஒருமுறை போய்வந்தால் முடிந்தது. உண்மையில் ஒதுங்கிக் கிடப்பவர்கள் இன்று லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் மலையில் இருக்கும் தெமியார் மக்களும். அவர்களுக்காகக் கோயில் பணத்தைச் செலவழிக்கலாமா என்று கமிட்டியில் யாராவது கேட்டால், செலவழிக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மலைக்காரர்களைக் கேட்காமல் அவர்கள் தலைக்கு மேலே எதையும் பறக்கவிடாதீர்கள். எங்கே இறங்கலாம், எது அவர்களுக்குப் புனிதமான இடம், எந்த நோய் அவர்களை வாட்டுகிறது என்பதை அவர்கள் தலைவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த 40,000 வெள்ளிக்கு என் யோசனை இது. ஓட்டத் தெரிந்த மூன்று பையன்களில் இருவரை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் முறையான ஓட்டுநர் சான்றிதழுக்கு அனுப்புங்கள். நாளைக்கு அரசாங்கமோ பல்கலைக்கழகமோ சோதனைப் பறப்புக்கு ஆள் தேடினால், இந்த மலையும் இந்தக் காற்றும் தெரிந்த பையன்கள் நம் ஊரில் இருப்பார்கள். சுகாதார அலுவலகத்தைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், தரமான குளிர்ப்பெட்டிகள் இரண்டும் வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு கருவிகளும் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பெட்டி இன்று மோட்டாரில் போகும், நாளை டிரோனில் போகும். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று மாதம், மலைக்குப் போய்வரும் நடமாடும் கிளினிக் தாதிகளையும் ஃபோர் வீல் ஓட்டுநர்களையும் கேட்டு எழுதுங்கள். என்ன பொருள் தாமதமானது, எத்தனை மணி நேரம், எடை எவ்வளவு, குளிர் வேண்டுமா, அன்று மழையா, சாலை எங்கே அறுந்தது, வாங்க அங்கே யார் இருந்தார். அதில் ஒரே தடத்தில் அரைக் கிலோவுக்குக் குறைந்த சரக்கு வாரம் மூன்று முறையாவது தாமதமாகிறது என்று தெரிந்தால், அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோலகங்சார் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு நானே உங்களோடு வருகிறேன். அப்பா வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் கட்டங்களைப் பார்த்து ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.